பிரேக் பெடல் உள்ளே போகிறதா? ஸ்பேனரை அப்புறம் எடுக்கலாம்

நண்பர் ஒருவர் தானே கட்டிய இரண்டு இருக்கை விமானத்தில், ஒரே வாரத்தில் மூன்று முறை பிரேக்குக்கு ஏர் எடுத்தார், அதாவது எண்ணெய்க் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலையைச் செய்தார். ஒவ்வொரு முறையும் எடுத்து முடித்த கையோடு மிதித்துப் பார்த்தால் பெடல் கல் மாதிரி நின்றது. ஆனால் ஓடுபாதையின் முனைக்குப் போய், மிதித்துப் பிடித்தபடி எஞ்சின் சோதனை செய்யும்போது, இடது பெடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியது. மூக்கும் மெல்ல வலப்பக்கம் திரும்பியது. திரும்பி வந்து மறுபடி ஏர் எடுத்தார். மறுபடி அதே கதை.

அந்த பிரேக்கில் காற்றே இல்லை. பெடல் அதை முதல் நாளே சொல்லிவிட்டது. அதன் மொழி அவருக்கு அப்போது புரியவில்லை, அவ்வளவுதான்.

எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில் எந்தக் கோளாறு வந்தாலும், கை முதலில் காற்றை வெளியேற்றத் திறக்கும் ப்ளீடிங் நிப்பிளைத்தான் தேடும். பைக், கார் வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு இது இன்னும் அதிகம். நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. எதையும் கழற்றுவதற்கு முன் இருக்கையில் உட்கார்ந்து, மிதித்து, பெடல் எப்படி நடந்துகொள்கிறது என்று பத்து நிமிடம் கவனியுங்கள். முக்கால்வாசி நோயை அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். பாதி சமயம் ஏர் எடுப்பது, கோளாறைத் தீர்க்காமல் அதன் அடையாளத்தை மட்டும் அழித்துவிடுகிறது.

இது ஏன் வீட்டில் கட்டிய விமானக்காரர்களுக்கு முக்கியம்? அமெரிக்க விதிப்படி, இந்த வகை விமானத்தின் கட்டுமான வேலையில் பெரும்பங்கை அமெச்சூர்களே செய்திருக்க வேண்டும். பேச்சில் இதை 51 சதவீத விதி என்பார்கள். அப்படிக் கட்டியவர் அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் பழுதுபார்ப்பாளர் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, ஆண்டுச் சோதனையையும் தானே செய்யலாம். 1953-ல் பால் போபெரெஸ்னி தொடங்கிய எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் இந்தப் பழக்கத்தை அங்கே ஒரு பெரிய இயக்கமாகவே வளர்த்தது. ஓரிகன் மாநிலத்தின் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் போன்ற நிறுவனங்கள் கிட்டாக அனுப்பும் பாகங்களை கராஜில் வைத்து ரிவெட் அடித்து, பறக்கவிட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். குழாய் வளைத்தவரும் அவரே, பிரேக் பிடிக்கவில்லை என்றால் காரணம் தேட வேண்டியவரும் அவரே.

எண்ணெய் போகும் வழி

விமானத்தில் கார் மாதிரி தனியாக ஒரு பிரேக் பெடல் கிடையாது. வாலைத் திருப்பும் ரட்டர் பெடல்கள் இரண்டு இருக்கும். அவற்றின் மேல்விளிம்பைக் கால்விரல்களால் அழுத்தினால் அதுதான் பிரேக். இடது பெடல் இடது சக்கரத்துக்கு, வலது பெடல் வலது சக்கரத்துக்கு. இரண்டுக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர் (மிதியை எண்ணெய் அழுத்தமாக மாற்றுவது), தனித்தனி குழாய், தனித்தனி காலிப்பர் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை பேட்டால் கவ்விப் பிடிப்பது). இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ரிசர்வாயர் என்ற எண்ணெய்த் தொட்டி மட்டும். அதுவும் பெரும்பாலும் எஞ்சினுக்கும் அறைக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரில், உயரத்தில் இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நீங்கள் மிதிக்கும் மிதி மாஸ்டர் சிலிண்டரின் தண்டில் 60 கிலோவாக விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டரின் உள்விட்டம் 16 மில்லிமீட்டர் என்றால் பரப்பு சுமார் 2 சதுர சென்டிமீட்டர். அப்போது எண்ணெயில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோ. இதே அழுத்தம் குறையாமல் காலிப்பருக்குப் போகிறது. அங்கே பிஸ்டனின் விட்டம் 38 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 11 சதுர சென்டிமீட்டருக்கு மேல். ஆக, பேட் டிஸ்க்கைப் பிடிக்கும் விசை 330 கிலோவுக்கும் மேல். பாஸ்கல் விதி என்று பள்ளியில் படித்தது இதுதான்.

இந்த லாபம் சும்மா வரவில்லை. காலிப்பர் பிஸ்டன் 1 மில்லிமீட்டர் நகர வேண்டுமானால் மாஸ்டர் பிஸ்டன் ஐந்தரை மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தாக வேண்டும். பெடலின் மொத்த ஓட்டமே சில சென்டிமீட்டர்தான். அந்த ஓட்டத்தைத் திருடுகிற எதுவும் பிரேக்கைக் கெடுக்கும்.

இன்னொரு சின்ன விஷயத்தை மனதில் வையுங்கள், பின்னால் பெரிதாக வேலைக்கு வரும். பெடலை முழுவதும் விட்டால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சிறு துளை திறந்து, குழாயில் உள்ள எண்ணெயை ரிசர்வாயரோடு சேர்க்கிறது. மிதித்த உடனே அது மூடிக்கொள்ளும். பேட் தேயத் தேயக் கூடுதல் எண்ணெய் கீழே இறங்குவதும், சூட்டில் விரியும் எண்ணெய் மேலே ஏறுவதும் இந்தத் துளை வழியாகத்தான்.

பெடல் பஞ்சு மாதிரி இருந்தால்

மிதித்தால் உடனே கெட்டியாகாமல், ரப்பர் பந்தை மிதிப்பதுபோல் அமுங்கி அமுங்கிப் போகிறது. இரண்டு மூன்று தடவை வேகமாக அடித்தால் உயர்ந்து வருகிறது. காற்றின் கைவரிசை இது. இங்கே மட்டும்தான் ஏர் எடுப்பது சரியான மருந்து.

சுண்டைக்காய் அளவு, அதாவது 1 கன சென்டிமீட்டர் காற்று குழாயில் மாட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 30 கிலோ அழுத்தத்தில் அது முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சுருங்கிய இடத்தை நிரப்ப ஏறக்குறைய 1 கன சென்டிமீட்டர் எண்ணெய் வேண்டும். நம் 2 சதுர சென்டிமீட்டர் சிலிண்டரில் அது 5 மில்லிமீட்டர் ஓட்டம். ஒரு சுண்டைக்காய்க் காற்று அத்தனையையும் தின்றுவிடுகிறது.

ஏர் எடுக்கும் திசைதான் கார் மெக்கானிக்குகளைக் குழப்புவது. காரில் ஒருவர் மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே நிப்பிளைத் திறந்து மூடுவார். எண்ணெய் மேலிருந்து கீழே வரும். விமானத்தில் பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏற்றுவார்கள். காலிப்பரின் அடியில் உள்ள நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, எண்ணெய்க் கேனால் அல்லது சின்ன பம்பால் மெதுவாக, விடாமல் தள்ள வேண்டும். காற்று தானாகவே மேலே போகத் துடிப்பது. அது போகிற திசையிலேயே நாமும் தள்ளினால், ரிசர்வாயரில் குமிழ் குமிழாக வெளிவரும். பெடலில் யாரும் கால் வைத்திருக்கக் கூடாது. வைத்தால் அந்தச் சிறு துளை மூடிக்கொள்ளும், எண்ணெய் மேலே ஏறாது. தள்ளும் குழாயில் முதலிலேயே காற்று இல்லாமல் நிரப்பிக்கொள்ளுங்கள். இதை மறந்தால் நாமே ஒரு சுண்டைக்காயை உள்ளே அனுப்பியதாகிவிடும். மேலே ஒருவர் ரிசர்வாயரைப் பார்த்துக்கொண்டு, சிரிஞ்சால் மிச்சத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் அறை முழுக்கச் சிவப்பு எண்ணெய்தான்.

இரண்டு முறை ஒழுங்காக எடுத்தும் பஞ்சு மாறவில்லையா? குழாய் போகும் பாதையைப் பாருங்கள். வளைத்தபோது எங்காவது ஒரு மேடு விழுந்திருந்தால், அந்த மேட்டின் உச்சியில் காற்று குந்திக்கொள்ளும். கிடைமட்டமாகப் படுத்திருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் மேல்மூலையும் அப்படி ஒரு இடம். அந்த இடத்தை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே எண்ணெயைத் தள்ளினால் குமிழ் கிளம்பும். அதற்கும் மசியாவிட்டால் சிலிண்டரின் போல்ட்டைக் கழற்றி, குழாயோடு சேர்த்துச் சாய்த்துப் பிடித்து எடுக்க வேண்டியதுதான். சிரமம்தான், ஆனால் வேறு வழி இல்லை.

காற்றே இல்லாமலும் பஞ்சுத்தன்மை வரும். பழைய பிளாஸ்டிக் குழாய் அழுத்தத்தில் உப்பினால் அப்படித்தான் இருக்கும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் குழாயை விரல்களுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தால் உப்புவது கையிலேயே தெரியும். காலிப்பருக்கு அருகில் வரும் பிளாஸ்டிக் குழாய் சூட்டில் இளகும் என்பதால், அந்தப் பகுதிக்கு மட்டுமாவது உலோகக் குழாயோ, எஃகுப் பின்னல் போட்ட ஹோஸோ போடுவது நல்லது.

பெடல் மெதுவாக உள்ளே இறங்கினால்

நண்பருக்கு வந்தது இது. மிதித்தவுடன் கெட்டி. ஆனால் பிடித்துக்கொண்டே இருந்தால் இறங்கும். காற்று என்றால் முதல் மிதியிலேயே காட்டிக்கொடுத்துவிடும், இப்படிப் பதுங்கி இறங்காது. எண்ணெய் எங்கோ போகிறது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: வெளியே போகிறதா, உள்ளேயே போகிறதா?

வெளியே போனால் கண்டுபிடிப்பது சுலபம். எல்லா இணைப்புகளையும் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் வெள்ளை டிஷ்யூ காகிதத்தைச் சுற்றுங்கள். ஐந்து நிமிடம் பெடலை அழுத்திப் பிடித்துவிட்டுப் பாருங்கள். விமான பிரேக் எண்ணெய் சிவப்பு நிறம் என்பது எவ்வளவு பெரிய வசதி என்பது அப்போது தெரியும். கசிகிற இணைப்பில் பொட்டு வைத்ததுபோல் இருக்கும்.

கசிவுக்குக் கட்டியவரின் கையே காரணமாக இருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, குழாய் முனையை விரிக்கும் கோணம். விமான ஃபிட்டிங்குகள் 37 டிகிரிக்கானவை. கார் கடையில் கிடைக்கும் விரிக்கும் கருவி 45 டிகிரி. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், நட்டும் ஏறும், ஆனால் கசியும். இன்னும் இறுக்கினால் நின்றுவிடும் என்று இறுக்கி, அலுமினியக் குழாயின் முனையையே பிளந்தவர்கள் உண்டு. இரண்டாவது, கசிவை அடைக்கத் தடவும் சீலண்ட். விரித்த முனையுள்ள இணைப்புக்கு எதுவும் தடவக் கூடாது. அங்கே உலோகத்தின் மேல் உலோகம் உட்கார்ந்தே அடைக்கிறது. கூம்பு வடிவ பைப் த்ரெட்டுக்குத்தான் சீலண்ட் வேண்டும். அங்கும் பிளம்பர் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப் வேண்டாம். அதன் நூல் பிய்ந்து உள்ளே போனால், நான் மேலே சொன்ன சிறு துளையை அடைக்க அது ஒன்றே போதும்.

எங்கேயும் பொட்டு இல்லை, ரிசர்வாயரிலும் மட்டம் குறையவில்லை, ஆனாலும் பெடல் இறங்குகிறது. அப்படியானால் எண்ணெய் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே, பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைத் தாண்டிப் பின்னால் போய், வந்த வழியே ரிசர்வாயருக்கு ஏறிவிடுகிறது. இதைக் கழற்றாமலே உறுதி செய்ய ஓர் அழகான வழி இருக்கிறது. இரண்டு இருக்கைக்கும் பிரேக் உள்ள விமானங்களில், ஒரு பக்கத்து சக்கரத்துக்கான இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களும் பெரும்பாலும் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ரிசர்வாயரிலிருந்து முதலில் துணை இருக்கையின் சிலிண்டர், அதிலிருந்து விமானியின் சிலிண்டர், அப்புறம் காலிப்பர். உங்கள் விமானத்தில் வரிசை எப்படி என்று குழாயைத் தொட்டுத் தொடர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது துணை இருக்கையில் உட்கார்ந்து அதே பக்கத்துப் பெடலை ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். அது இறங்காமல் நின்று, விமானியின் பெடல் மட்டும் இறங்கினால், குற்றவாளி விமானியின் மாஸ்டர் சிலிண்டர். துணை இருக்கையிலிருந்து மிதிக்கும்போது விமானியின் சிலிண்டர் வெறும் வழிப்பாதைதான். அதன் ஓ-ரிங் கெட்டிருந்தாலும் காட்டாது. இதன் தலைகீழ் என்றால் குற்றம் துணை இருக்கைப் பக்கம். இரண்டு பெடலும் ஒரே மாதிரி இறங்கினால், சிலிண்டர்களை விட்டுவிட்டு அதற்குக் கீழே குழாயையும் காலிப்பரையும் பாருங்கள்.

நண்பரை அவர் இருக்கையிலிருந்து எழுப்பிவிட்டு நான் துணை இருக்கையில் உட்கார்ந்து மிதித்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், பெடல் அசையவில்லை. அவர் தன் இடத்தில் உட்கார்ந்து மிதித்தார், இருபது எண்ணுவதற்குள் இறங்கியது. இடது மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனை வெளியே இழுத்து, வெள்ளைத் துணியில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். ஓ-ரிங்கின் ஓரத்தில் முடி கனத்தில், வெள்ளி நிறத்தில் ஒரு துருவல். குழாய் வெட்டியபோது உள்ளே தங்கிப்போன அலுமினியம். அது ரப்பரில் நகக்கீறல்போல ஒரு கோடு போட்டிருந்தது. புது ஓ-ரிங்கின் விலை ஒரு காபி விலைகூட வராது. சிலிண்டரின் உட்சுவரை விரல் நுனியால் தடவிப் பார்த்தோம், நல்லவேளை கீறல் இல்லை. சுவரில் கீறல் விழுந்திருந்தால் ஓ-ரிங் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

ஒரே இருக்கையில் மட்டும் பிரேக் உள்ளவர்களுக்கு வழி இல்லையா? இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளியேறும் துளையில் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு பிளக் போட்டு அடையுங்கள். பெடல் கல் மாதிரி நின்றால் சிலிண்டர் நல்லது. அடுத்து காலிப்பர் முனையில் அடையுங்கள். இப்படி வழியைத் துண்டு துண்டாக அடைத்துப் போனால், கோளாறு இருக்கும் துண்டு தானே மாட்டும்.

பெடல் கெட்டி, ஆனால் வண்டி நிற்கவில்லை

இது நல்ல செய்தி, ஏனென்றால் எண்ணெய் தன் வேலையைச் செய்துவிட்டது. கோளாறு சக்கரத்தருகே உராய்வில் இருக்கிறது. டிஸ்க்கில் எண்ணெயோ கிரீஸோ பட்டிருக்கலாம். சக்கர பேரிங்கில் அதிகமாக அடைத்த கிரீஸ் சூட்டில் உருகி வருவது வழக்கம்தான். எண்ணெய் குடித்த லைனிங்கை, அதாவது பேட்டில் டிஸ்க்கோடு உரசும் பகுதியை, கழுவிப் பயன்படுத்தாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

புது லைனிங் போட்டவுடன் பிடிப்பு இல்லையென்றால், அது பழக்கப்படாதது காரணம். கிளீவ்லாண்ட் என்ற நிறுவனத்தின் பிரேக்கில் ஆர்கானிக் வகை லைனிங்குக்குச் சொல்லப்படும் முறை இது: எஞ்சினை நிமிடத்துக்கு 1,700 சுற்றில் வைத்து, பிரேக்கால் மணிக்கு 8 முதல் 16 கிலோமீட்டர் வேகத்தில் பிடித்தபடி சுமார் 450 மீட்டர் டாக்ஸி ஓட்டுங்கள், அதாவது விமானத்தைத் தரையிலேயே ஓட்டிச் செல்லுங்கள். பிறகு 10, 15 நிமிடம் ஆறவிட்டு, எஞ்சினை உயர்த்தி பிரேக் தாங்குகிறதா என்று பாருங்கள். இந்தச் சூட்டில் லைனிங்கின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய படலம் உருவாகும், அதுதான் நல்ல பிடிப்பைத் தருகிறது. எப்போதும் மென்மையாகவே பிரேக் பிடிக்கிறவர்களுக்கு அந்தப் படலம் தேய்ந்து போய்விடும். அப்போது இதையே மறுபடி செய்ய வேண்டும். லைனிங்கின் தடிமன் 2.5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஒரு விசேஷமான 'கெட்டிப் பெடல்' இருக்கிறது. துணை இருக்கையில் இருப்பவர் மிதித்தால் பாறை மாதிரி இருக்கும், பிரேக் துளியும் பிடிக்காது. விமானி தன் பெடலில் கால்விரலை லேசாக வைத்திருப்பார், அவ்வளவுதான். வரிசையில் அடுத்து இருக்கும் அவர் சிலிண்டரின் துளை மூடிக்கொண்டது. பயிற்சியாளரோடு பறக்கும்போது இது தெரியாமல் பயந்துபோனவர்கள் இருக்கிறார்கள்.

காலை எடுத்தும் பிரேக் விடாமல் பிடித்தால்

நான்கிலும் எனக்கு அதிக பயம் தருவது இது. பிரேக் பிடிக்காத விமானம் ஓடுபாதையின் முடிவில் புல்லில் போய் நிற்கலாம். ஒரு சக்கரம் பூட்டிக்கொண்ட விமானம் இறங்கிய கணத்திலேயே சுழலும். வால்சக்கர விமானம் என்றால் மூக்கில் குத்திக் கவிழவும் செய்யும்.

விமானத்தைப் பாதுகாப்பாக ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசான உரசல் சத்தம் இயல்புதான். இந்தக் காலிப்பர்களில் பேட்டைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. சுற்றவே முடியாமல் பிடித்தால், ப்ளீடிங் நிப்பிளுக்குக் கீழே துணி வைத்துக்கொண்டு ஒரு அரைச் சுற்று திறவுங்கள். எண்ணெய் பீச்சியடித்து, சக்கரம் உடனே விடுபட்டால், குழாயில் அழுத்தம் மாட்டியிருக்கிறது. எண்ணெய் சொட்டினாலும் சக்கரம் விடவில்லை என்றால், காலிப்பரே இறுகியிருக்கிறது. இந்த ஒரு சோதனை உங்கள் தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

காலிப்பர் இறுகினால் பெரும்பாலும் அது வழுக்கிச் செல்லும் இரண்டு ஊசிகளில் துரு அல்லது அழுக்கு. சுத்தம் செய்து, உலர் மசகு போடுங்கள். கிரீஸ் போட்டால் பிரேக் தூசி அதில் ஒட்டி, சில வாரங்களில் அரைத்த மாவு மாதிரி ஆகிவிடும்.

குழாயில் அழுத்தம் மாட்டியிருந்தால் சந்தேகப்பட வேண்டியவை சில. முதலாவது பார்க்கிங் பிரேக் வால்வு. அதன் லீவர் அரைகுறையாகத் திரும்பியிருந்தால் அது ஒருவழிப் பாதையாகிவிடும். மிதிக்கும் அழுத்தம் உள்ளே போகும், திரும்பி வராது. ஒவ்வொரு மிதிக்கும் பிடி கூடிக்கொண்டே போகும். லீவர் தானாக நகராதபடி இருக்கிறதா, கேபிளின் முழு நீளமும் வால்வை முழுவதும் திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

இரண்டாவது, மாஸ்டர் சிலிண்டர் முழுவதும் திரும்பி வராதது. பெடலின் இணைப்பு இறுக்கமாக இருந்தாலோ, திருப்பும் ஸ்பிரிங் வலுவிழந்திருந்தாலோ, பெடல் ஓர் அரிசி அளவு முன்னேயே நின்றுவிடும். பார்த்தால் விட்டதுபோலத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சிறு துளை திறக்கவில்லை. இப்போது டாக்ஸியில் பிரேக் சூடாகிறது, எண்ணெய் விரிகிறது, போக இடமில்லை, அழுத்தம் ஏறுகிறது, பேட் இன்னும் இறுக்குகிறது, இன்னும் சூடாகிறது. யாரும் மிதிக்காமலே பிரேக் தன்னைத்தானே மிதித்துக்கொள்கிறது. பெடலைக் கையால் பின்னுக்கு இழுத்தவுடன் சக்கரம் விடுபட்டால், நோய் இதுதான். டெஃப்லான் நூல் துளையை அடைத்திருந்தாலும், ரிசர்வாயர் மூடியில் இருக்கும் ஊசித்துளை பெயிண்டால் அடைபட்டிருந்தாலும் இதே விளைவு வரும். ரிசர்வாயரை வாய்வரை நிரப்பாதீர்கள் என்று சொல்வதும், விரியும் எண்ணெய்க்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான்.

மூன்றாவது, கோளாறே இல்லை: விமானியின் கால். வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-7ஏ போன்ற விமானங்களில் மூக்குச் சக்கரம் சுதந்திரமாகத் திரும்பக்கூடியது. மெதுவாக ஓடும்போது திருப்புவதே இடது, வலது பிரேக்கால்தான். அதனால் கால் எப்போதும் பெடல் மேலேயே குடியிருக்கும். எஞ்சினை வேகமாக ஓடவிட்டு பிரேக்கால் அடக்கிக்கொண்டே போவதும் உண்டு. அதன் விலை என்ன? 25 கிலோ இழுவையை பிரேக் தாங்கிக்கொண்டு, நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் விமானம் போகிறது என்றால், பிரேக்கில் ஏறும் வெப்பம் 1,000 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டு சக்கர மூடிக்குள் வைத்ததுபோல. 800 கிலோ விமானம் 50 நாட் (மணிக்கு சுமார் 93 கிலோமீட்டர்) வேகத்தில் தரையைத் தொடும்போது அதன் மொத்த இயக்க ஆற்றல் சுமார் 264 கிலோஜூல். இந்த டாக்ஸி நாலரை நிமிடத்தில் அதே அளவு வெப்பத்தை பிரேக்கில் கொட்டிவிடுகிறது. தரையிறங்கும்போது பாதியைக் காற்றும் புல்லும் வாங்கிக்கொள்ளும். டாக்ஸியில் பங்கு போட யாரும் இல்லை.

சிவப்பா, மஞ்சளா?

வழக்கமாக விமான பிரேக்கில் ஊற்றுவது மில் 5606 என்ற சிவப்பு மினரல் எண்ணெய். அதற்கேற்ற ஓ-ரிங் நைட்ரைல் ரப்பர். கார், பைக் கடையில் கிடைக்கும் டாட் 3, டாட் 4 பிரேக் எண்ணெய் மஞ்சள் சாயலுள்ள கிளைக்கால் வகை. அதை ஊற்றினால் நைட்ரைல் ஓ-ரிங் ஊறி உப்பி இளகிப்போகும். சில நாள் நன்றாகவே பிடிக்கும், அப்புறம் பிஸ்டன்கள் மாட்டிக்கொள்ளும். டாட் எண்ணெய்க்கென்றே சீல் போட்டு வரும் பிரேக் செட்டுகளும் உண்டு. ஆகவே உங்கள் செட்டின் குறிப்பேட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்தே ஊற்றுங்கள். பழைய விமானத்தை வாங்கியவருக்கு உள்ளே இருப்பது எது என்று சந்தேகமா? ஒரு சொட்டு எடுத்து டம்ளர் தண்ணீரில் விடுங்கள். மிதந்தால் மினரல், கலந்து கரைந்தால் கிளைக்கால். மாற்றி ஊற்றியது தெரிந்தால் எண்ணெயை மட்டும் மாற்றுவது போதாது. எல்லா ஓ-ரிங்கும் மாற்றி, குழாய்களையும் கழுவ வேண்டும்.

5606-க்கு ஒரு குறை உண்டு. அதன் தீப்பற்று நிலை 82 டிகிரி செல்சியஸ் அளவில்தான் தொடங்குகிறது. சூடான டிஸ்க்கின் மேல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மில் 83282 என்ற செயற்கை எண்ணெய்க்கு அது 200 டிகிரிக்கு மேல். அதுவும் சிவப்புதான், 5606-ஓடு கலக்கலாம், நைட்ரைல் ஓ-ரிங்கைக் கெடுக்காது. மூக்குச் சக்கரம் சுதந்திரமாகத் திரும்பும் விமானம் வைத்திருப்பவர்கள் இதற்கு மாறுவது நல்லது என்பது என் கருத்து. காலிப்பரில் மட்டும் விட்டான் ரப்பர் ஓ-ரிங் போட்டால் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும்.

வேலை முடிந்த பிறகு

சரி, கோளாறு கண்டுபிடித்தாயிற்று, மாற்றியாயிற்று, ஏர் எடுத்தாயிற்று. சக்கர மூடியை உடனே மாட்டிவிடாதீர்கள். பெடலை மிதித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து முழுதாக இரண்டு நிமிடம் பிடியுங்கள். நண்பர் தவறவிட்டது இந்த இரண்டு நிமிடத்தைத்தான். நான்கு பெடல் இருந்தால் நான்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். காலிப்பர் போல்ட்டுகளைக் குறிப்பேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். எதிரே யாரும் இல்லாத, அகலமான இடத்தில், நடக்கும் வேகத்தில் ஓட்டி, ஒவ்வொரு பக்கமாக பிரேக் பிடியுங்கள். திரும்பி வந்ததும் இரண்டு டிஸ்க்குகளுக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். இரண்டிலும் ஒரே அளவு சூடு அடிக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்தப் பக்கம் பிரேக் விடவில்லை, அல்லது மறுபக்கம் பிடிக்கவில்லை.

இரவு ஹேங்கரை மூடும் முன் ஒவ்வொரு சக்கரத்துக்கும், பெடலுக்கும் கீழே ஒரு வெள்ளைக் காகிதம் விரித்துவிட்டுப் போங்கள். காலையில் வந்து பார்க்கும்போது காகிதத்தில் சிவப்புப் பொட்டு எதுவும் இல்லையென்றால், சக்கர மூடியை மாட்டலாம்.